கனவென்று அறிந்த கனவு

திருவிழாக் காலத்தில், திருக்கோயிலை ஒட்டிய மண்டபங்களிலும் சத்திரங்களிலும் விடியற்காலையில் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "பெருமாள் ஸ்வப்னத்தில் வந்து, 'ஏன் இன்னும் வரவில்லை?' என்று கேட்டார், அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிட்டேன்" என்பார் ஒருவர். கேட்டிருந்தவர் தாம் கண்டதைச் சொல்லத் தொடங்குவார். அதற்குப் பலன் சொல்ல மூன்றாமவர் ஒருவர் இருப்பார். அப்பேச்சைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. அடியேனும் சிரித்ததில்லை. ஆயினும், கனவில் கண்டதை வைத்துக்கொண்டு மனிதன் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற கேள்வி பல ஆண்டுகளாக அடியேனை உறுத்தி வருகிறது. அதற்குக் காரணம் எங்கள் குடும்பத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி.

அடியேனுக்குத் தமையனார் முறையாக வேண்டிய ஒருவர், நித்யாநுஷ்டானத்தில் சிறிதும் குறைவில்லாதவர், தம் பெண்ணுக்கு நிச்சயதாம்பூலம் வரை வந்துவிட்ட ஒரு ஸம்பந்தத்தை ஒரே இரவில் நிறுத்திவிட்டார். பெருமாள் கனவில் தோன்றி, திருமுடியை அசைத்து, வேண்டாம் என்று குறிப்புக் காட்டினாராம். பிள்ளை வீட்டாரிடம் இக்காரணத்தைச் சொல்ல அவருக்கு நாவெழவில்லை. வேறொரு காரணம் கற்பித்துச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. இரு வீட்டாருக்கும் இருந்த பழக்கம் அத்தோடு அற்றது. அந்தப் பெண் அழவில்லை. சில மாதங்கள் கழித்து, அடியேன் கூடத்தில் தனித்திருந்த சமயம் பார்த்து வந்து, "சித்தப்பா, எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று பெருமாள் திருவுள்ளம் பற்றியிருந்தால் என் கனவில் வந்திருக்க மாட்டாரோ? அவருக்கு வழி தெரியாதா?" என்று கேட்டாள்.

பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசலாகாது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்த மழுப்பலை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டேன். ஏனெனில் அவள் கேள்விக்கு விடை ஸ்ரீபாஷ்யத்தில் இருக்கிறது. காலக்ஷேபத்தில் அந்த இடத்தைக் கேட்டும் இருந்தேன். வேண்டிய நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

ப்ரஹ்மஸூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்து இரண்டாம் பாதம் கனவைப் பற்றிய விசாரத்தோடுதான் தொடங்குகிறது. ஸந்த்யாதிகரணம் என்று அதற்குப் பெயர். விழிப்புக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் நடுவே உள்ள சந்தி ஆகையால் கனவை 'ஸந்த்யம்' என்றார்கள். தேரும் குதிரையும் பாதையும் இல்லாத இடத்தில் தேரும் குதிரையும் பாதையும் ஸ்ருஷ்டிக்கப்படுகின்றன என்று ப்ருஹதாரண்யக உபநிஷத்து கூறுகிறது. அவற்றைப் படைப்பவன் யார்? கனவு காணும் ஜீவனா, பரமாத்மாவா? இதுவே அங்கு எழும் கேள்வி.

ஸ்ரீசங்கரர், விழித்தவுடன் மறைந்துபோவதால் கனவுப் பொருள்கள் மாயை மாத்திரமே என்று வ்யாக்யானம் செய்தார். நம் பாஷ்யகாரர் அதே ஸூத்திரத்தில் உள்ள 'மாயா' என்னும் சொல்லுக்கு ஆச்சரியமானது என்று பொருள் உரைத்தார். கனவுப் பொருள்கள் பொய்யல்ல. ஒருவனுடைய மிகச் சிறிய புண்ணிய பாபங்களுக்குப் பலனாக, அவன் ஒருவனே அநுபவிக்கும்படி, அந்த நேரத்து அளவும் நிற்கும்படி, பரமாத்மா படைத்தருளும் மெய்யான பொருள்களே அவை என்பது ஸித்தாந்தம். படுக்கையில் உடல் கிடக்க, கனவில் வேற்றூர் செல்வதும், முடிசூட்டிக்கொள்வதும், தலை வெட்டுண்பதும் எப்படி என்றால், படுத்திருக்கும் உடலைப் போன்றதோர் உடலை அந்த நேரத்துக்கு அவன் படைத்துத் தருகிறான் என்கிறார். சிறிது நேரமே இருப்பதால் ஒரு பொருள் பொய்யாகிவிடாது. விடியற்காலையில் வாசலில் இட்ட கோலம் மத்தியானத்துக்குள் அழிந்துபோகிறது. அதனால் கோலமே இடவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இதில் 'அவன் ஒருவனே அநுபவிக்கும்படி' என்ற பகுதியை அடியேன் வெகுநாள் கவனியாமல் கடந்து சென்றிருக்கிறேன். விழிப்புலகம் எல்லோருக்கும் பொது. கனவுலகமோ ஒருவனுக்கென்றே ஆக்கப்பட்டது. அருகில் படுத்திருப்பவனுக்கும் அதில் பங்கில்லை. அப்படியானால், ஒருவனுக்கென்று அளக்கப்பட்டதைக் கொண்டு மற்றொருவருடைய வாழ்க்கைக்கு ஆணையிட இவனுக்கு என்ன அதிகாரம்? ஒரு பெண் பிள்ளை பேச்சோடு பேச்சாகக் கேட்டது அந்த அதிகரணத்துக்கு இணங்கியே இருந்தது.

கனவுக்குப் பலனே இல்லை என்று நம் பெரியவர்கள் சொல்லவில்லை. ஸூத்திரகாரரே கனவைக் குறிகாட்டி என்கிறார். வேதமும் அவ்வாறு கூறுகிறது. கனவு நூல் வல்லோரும் கூறுகிறார்கள். முதல் ஜாமத்துக் கனவு பலிக்க ஓராண்டாகும், விடியற்காலைக் கனவு விரைவில் பலிக்கும் என்று பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பலரும் படித்திருப்பீர்கள். (விடியற்காலைக் கனவு மனத்தில் நன்றாகத் தங்குவதற்கு இக்கால உடல்நூலார் ஒரு காரணம் சொல்கிறார்கள். கனவு மிகுதியாக நிகழும் உறக்கநிலை இரவின் பிற்பகுதியில்தான் நீண்டு வருகிறதாம்.) ஆகவே, குறி உண்டு. குறியைப் படிப்பவன் சரியாகப் படிக்கிறானா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஸ்ரீராமாயணத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கேகய நாட்டில் பாட்டனார் வீட்டில் இருந்த பரதாழ்வான், அயோத்தியிலிருந்து தூதர்கள் வந்து சேர்ந்த இரவில் கொடிய கனவு கண்டான். தந்தை மலைச் சிகரத்திலிருந்து சாணிக் குழியில் விழுவதையும், எண்ணெய் குடிப்பதையும், கழுதை பூட்டிய தேரில் தெற்கு நோக்கிச் செல்வதையும் கண்டான். கனவு உண்மையைத்தான் காட்டியது; தசரதன் அப்போது உயிரோடு இல்லை. ஆயினும் விழித்தெழுந்த பரதன் என்ன சொன்னான்? தானோ, இராமனோ, அரசனோ, இலக்குவனோ, யாரோ ஒருவர் இறக்கப்போவதாக அஞ்சினான். பரதனைப் போன்ற நிர்மலமான உள்ளத்துக்கும் நால்வரில் யார் என்று தெரியவில்லை. மரணம் முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதும், தன் தாய் கேட்ட வரம் அதற்குக் காரணம் என்பதும் கனவில் இல்லை. அதை அவன் அயோத்திக்குச் சென்று, கண்விழித்த நிலையில், தாயின் வாயாலேயே கேட்கவேண்டியிருந்தது.

இன்னும் நுட்பமானது பிராட்டியின் விஷயம். அசோகவனத்தில் மரத்தின்மேல் இருந்து இராமகாதையைச் சொல்லிக்கொண்டிருந்த வானரத்தைக் கண்டதும், இது கனவோ என்று அவள் திடுக்கிட்டாள். கனவில் குரங்கைக் காண்பது சாஸ்திரங்களில் விலக்கப்பட்ட தீக்குறி. உடனே இராமனுக்கும் இலக்குவனுக்கும் தன் தந்தை ஜனகருக்கும் நலம் உண்டாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிறகு விசாரிக்கத் தொடங்கினாள். துயரத்தால் தனக்கு உறக்கமே இல்லையே, உறக்கமில்லாதவளுக்குக் கனவு ஏது என்று எண்ணினாள். மனமயக்கமோ, பித்தோ, கானல்நீரோ என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தன்னையும் உணர்கிறேன், எதிரில் நிற்கும் இவனையும் உணர்கிறேன், ஆகவே மயக்கமன்று என்ற இடத்துக்கு வந்தாள். அதோடு நிறுத்தினாளா? இல்லை. வேண்டிய வடிவம் எடுக்கவல்ல அரக்கனாக இருக்கலாமே என்று ஐயுற்று, இராமலக்ஷ்மணர்களின் திருமேனி அடையாளங்களைச் சொல் என்று கேட்டாள். அடையாளம் சொன்ன பிறகு திருவாழி மோதிரம் வந்தது. தீக்குறி என்று நூல் சொன்ன அந்தக் குரங்கின் கையில்தான் அவளுடைய உயிர் இருந்தது. நூலில் பிழையில்லை. கனவுக்குச் சொன்ன விதியைக் கனவல்லாததற்கு ஏற்றியிருந்தால் அன்றோ பிழை நேர்ந்திருக்கும்!

'இது கனவா, நனவா' என்று நிகழும்போதே விசாரிக்கும் பிராட்டியின் இந்த முறையை, வேறொரு நோக்கத்தோடு மேல்நாட்டார் இன்று பயில்கிறார்கள். பகலில் அடிக்கடி 'நான் இப்போது கனவு காண்கிறேனா?' என்று தன்னையே கேட்டுப் பழகினால், அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் தொடர்ந்து, ஒருநாள் கனவிலேயே 'ஆம், இது கனவு' என்ற அறிவு உதிக்கும் என்கிறார்கள். டச்சு நாட்டு மனநோய் மருத்துவர் ஃப்ரெடரிக் வான் ஈடன் 1913-ல் இதற்குத் தெளிவான கனவு என்று பொருள்படும் பெயரை இட்டார். தமிழில் தெளிகனவு என்போம்.

உறக்கத்தில் அறிவு விழித்திருப்பது எங்ஙனம் என்று நெடுங்காலம் அறிஞர்கள் ஐயுற்றார்கள். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தார், மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலையைக் கண்டறிந்தனர். அந்நிலையில் கைகால்கள் செயலற்றிருக்கும். விழிகள் மட்டும் கட்டுண்பதில்லை. இதைப் பயன்படுத்தி, இங்கிலாந்தில் ஹல் நகரப் பல்கலைக்கழகத்தில் 1975-ல் கீத் ஹெர்ன் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர், கனவுக்குள் தாம் கனவு காண்பதை உணர்ந்ததும், முன்பே பேசிவைத்தபடி விழிகளை இடமும் வலமும் அசைத்துக் குறி காட்டினார். கருவி அதைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் தம் சோதனைகளை 1981-ல் வெளியிட்டார். 2021-ல் நான்கு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 36 பேரைக் கொண்டு மேலும் ஒரு படி சென்றனர். உறங்குபவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்பது போன்ற எளிய கணக்கைக் கேட்க, அவர் கனவுக்குள் இருந்தபடியே விழியசைவால் விடை சொன்னார். எல்லா முறையும் அன்று. ஐந்தில் ஒரு முறைக்கும் சற்றுக் குறைவாகத்தான். இருந்தாலும் அது வியப்பே.

இது ஏதோ யோகிகளுக்கு மட்டும் வாய்ப்பது என்று எண்ணவேண்டாம். ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 2016-ல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, நூற்றுக்கு 55 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய கனவைக் கண்டிருக்கிறார்கள். இதைப் படிக்கும் அன்பர்களிலும் பலர் இருக்கலாம்.

இனி, கனவென்று அறிந்தவன் கனவைத் தன் விருப்பப்படி நடத்தலாமே என்று தோன்றும். அப்படிப் பயில்வோரும் உண்டு. தீக்கனவுகளால் இரவுதோறும் வருந்துவோருக்கு இப்பயிற்சியால் நிவாரணம் அளிக்க மருத்துவர்கள் முயல்கிறார்கள். அதை அடியேன் குறைகூறமாட்டேன். ஆனால் அறிந்த மாத்திரத்தில் ஆளமுடிவதில்லை. கனவு என்று தெரிந்தும் கதவு திறக்க மறுக்கும். வராதே என்றவன் வருவான். பாஷ்யகாரர் கூறும் ஒரு யுக்தி இங்கே நினைவுக்கு வருகிறது: தன் கனவைப் படைப்பவன் ஜீவனே என்றால், எவனாவது தனக்குத் தீங்கைக் குறிக்கும் கனவைப் படைத்துக்கொள்வானா? ஸம்ஸாரத்தில் இருக்கும் ஜீவனுக்கு நினைத்ததை நினைத்தபடி ஆக்கும் ஆற்றல் மறைக்கப்பட்டிருக்கிறது. தெளிகனவில் ஒருவன் விளக்கை இடம் மாற்றி வைக்கலாம். ஆனால் அந்த வீட்டைக் கட்டியவன் அவன் அல்லன்.

இதெல்லாம் மூளையின் தொழில்தானே என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பெருமாளைக் கண்ணால்தான் ஸேவிக்கிறோம். அதனால் பெருமாள் கண்ணின் படைப்பு ஆகிவிடுவாரோ?

கனவு கண்டவர்களில் தலையானவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழி, பதினொரு பாசுரங்களும், மாயவனோடு தனக்கு நடந்த விவாஹத்தைத் தோழியிடம் சொல்வது. ஸ்ரீவைஷ்ணவத் திருமணங்களில் இன்றும் அது ஸேவிக்கப்படுகிறது. அடியேன் கவனித்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, பாட்டுக்குப் பாட்டு இது கனவு என்று அவளே சொல்கிறாள். நனவில் நடந்ததாக ஓரிடத்திலும் சாதிக்கவில்லை. தந்தையாரிடம் சென்று, கனவில் மணந்துகொண்டான், ஆகவே இன்னின்னது செய்யும் என்று ஆணையிடவும் இல்லை. தோழியிடம் சொன்னாள், அவ்வளவே. மற்றொன்று, அடுத்த திருமொழி. அங்கே அவள் வெண்சங்கைப் பார்த்து, மாதவன் திருப்பவளத்தின் சுவையும் மணமும் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். கைத்தலம் பற்றியதாகக் கனவு கண்டவள், மறுபடி ஒன்றும் அறியாதவள் போலச் சங்கிடம் கேட்கிறாள்! கனவில் கிடைத்ததை அவள் பொய்யென்று தள்ளவில்லை. அது போதும் என்று அமரவும் இல்லை.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான் அடியேனுக்கும் ஒரு தெளிகனவு வாய்த்தது. எழுதத் தயக்கமாகவே இருக்கிறது.

என் தாயார் பரமபதித்துப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நாட்களில் என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பினாள். அடியேன் வெளியூரில் பரீக்ஷைத் தாள் திருத்தும் பணியில் இருந்தேன். இன்னும் ஒரு நாள் வேலை. முடித்துவிட்டே போகலாம் என்று இருந்துவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் வடக்கு தெற்காகக் கிடத்தியிருந்தார்கள்.

கனவில் அடியேன் எங்கள் பழைய வீட்டு ரேழியில் நின்றிருந்தேன். அம்மா தாழ்வாரத்தில் அரிவாள்மணையின் முன்னே உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். முற்றத்துக் கிணற்றில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கிணற்றை மண் கொட்டித் தூர்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தூர்த்த கிணற்றில் நீர் ஏது என்று எண்ணினேன்; எண்ணிய உடனே, இது கனவு, இவள் இப்போது இல்லை என்று பளிச்சென்று தெரிந்தது. விழிப்பு வரவில்லை. தூணின் வழவழப்புக்கூடக் கையில் தெரிந்தது.

இத்தகைய கனவில் விரும்பியதை நிகழ்விக்க முயலலாம் என்று படித்ததும் அப்போதே நினைவுக்கு வந்தது. 'பரவாயில்லைடா, நீ வராமல் போனது' என்று அவள் சொல்லவேண்டும். பதினொரு ஆண்டுகளாக அடியேன் வேண்டியது அது ஒன்றே. மனத்தைச் சற்று அழுத்தினால் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடும் என்று தோன்றியது. அவள் உதடு அசையத் தொடங்கியதுபோலவும் இருந்தது.

பயந்துபோய் நிறுத்திவிட்டேன். நான் நினைத்து அவள் சொன்னால், அது அவள் மன்னித்ததாகுமா? என்னை நானே மன்னித்துக்கொள்ள அவள் குரலை எடுத்துக்கொண்டதாகாதா? உயிரோடு இருந்தபோது அவள் கேட்டதைக் கொடுக்காதவன், இப்போது அவள் கொடுக்காததை எடுத்துக்கொள்வதா? ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, "தாகமா இருக்குடா, கொஞ்சம் தீர்த்தம் கொண்டா" என்றாள். அதை அடியேன் நினைத்திருக்கவில்லை. கிணற்றில் இறைத்தேன், கயிறு உள்ளங்கையில் உரசியது. செம்பை வாங்கி, எப்போதும்போல உயரத் தூக்கி, உதட்டில் படாமல் குடித்தாள். விழித்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது பலன் சொல்லப் பலர் வந்தார்கள். திதியில் ஏதோ குறை என்றார் ஒருவர். ஜலதானம் செய் என்றார் மற்றொருவர். இறந்தவர்களுக்கு நீர் கொடுப்பதாகக் கண்டால் மிகவும் நல்லது என்றாள் ஒரு மாமி. அவ்வாண்டுக் கோடையில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பானைகள் வாங்கிக் கொடுத்தேன். பரிகாரமாக அன்று, தாகத்துக்குத் தண்ணீர் நல்லது என்பதனால். அம்மா மன்னித்தாளா என்பது இன்றும் தெரியாது. அவளுக்கு ஒரு செம்பு தீர்த்தம் கொடுக்கும் நேரத்தைப் பெருமாள் தந்தார் என்பது தெரியும்.

தமையனாரைப் பற்றி அதன் பிறகுதான் நினைத்தேன். ஒரே பெண்ணைப் பிரியவேண்டுமே என்ற கலக்கம் அந்த நாட்களில் அவருக்கு இருந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கலக்கமே அவர் கனவில் பெருமாளின் திருமுடியை அசைத்ததா என்று சொல்ல அடியேன் யார்? ஆனால் அவர் தம்மைத்தாமே அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பிறகு வேறிடத்தில் விவாஹமாகி அந்தப் பெண் நன்றாகவே இருக்கிறாள். கனவு மெய் என்பதற்கு அதுவே சான்று என்று அவர் இன்றும் சொல்வார். முதல் இடத்தில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்பதை அறிந்தவர் யார்?

சென்ற தை மாதம் அவள் குழந்தைகளோடு வந்திருந்தாள். அன்று கேட்ட கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து அடியேன் விடை சொன்னேன். ஸந்த்யாதிகரணத்தின் தாத்பர்யத்தை அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, நீ அன்று கேட்டது சரிதான் என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு, "இதை அப்பாவிடம் சொன்னீர்களா, சித்தப்பா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. இவ்வாண்டு உத்ஸவத்துக்குத் தமையனாரும் வருகிறார். இருவருக்கும் ஒரே சத்திரத்தில்தான் ஜாகை.